இரண்டு அங்குலத்துக்குள் ஒரு பட்டன் கத்தி: கெர்ஷா லாஞ்ச் 4, அப்புறம் அந்தக் கஸ்டம்ஸ் விவகாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள், ஒரு கையால் திறக்கிற சின்ன பட்டன் கத்தி (பட்டனை அழுத்தினால் பிளேடு தானாகத் திறக்கிற வகை) ஒன்று வேண்டும் என்றால் கெர்ஷா லாஞ்ச் 4 தாராளமாக வாங்கலாம். ஆனால் உள்ளூர்க் கடையில் போய் வாங்குங்கள். இதே மாதிரி ஒன்று வெளிநாட்டு இணையதளத்தில் கால் விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். "சின்னக் கத்திதானே, ரெண்டு இஞ்சுக்குக் கீழே இருந்தா சட்டப்படி சரிதானே" என்று நம்மவர்கள் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த இரண்டு அங்குலம் கலிஃபோர்னியா மாநிலத்தின் கணக்கு. கஸ்டம்ஸில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. நாடு தாண்டி வருகிற பட்டன் கத்தி அரை அங்குலமாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

எனக்கு இது எதற்கு என்றால், ஒரு பைக் விபத்துக்குப் பிறகு என் இடது கையில் பிடிமானம் பாதிதான். சாதாரணப் பேனாக்கத்தியில் நகத்தை வைத்து பிளேடை இழுக்க ஒரு கை, பிடியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். இந்தியக் கடையிலிருந்து இருபது பவுண்டு அரிசி மூட்டை வந்து வாசலில் இருக்கும், தையல் நூலை அறுக்க ஒரு கத்தரிக்கோல் தேடி, அதை இடது கையில் பிடித்து, நழுவ விட்டு, கடைசியில் பல்லால் கடிக்கிற நிலைமை. கட்டைவிரலால் தள்ளித் திறக்கிற மடக்குக் கத்திகள் இருக்கின்றன, அவையும் ஒரு கை வேலைதான், வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் பலவற்றை மூடும்போது பூட்டை விலக்க விரல் பிளேடின் பாதைக்குள்ளேயே போகிறது, ஒரு கைக்காரனுக்கு அது சரிப்படாது. பட்டன் கத்தியில் பூட்டும் பட்டன்தான், திறப்பதும் பட்டன்தான், விரல் வெளிப்பக்கமே நிற்கிறது.

கத்திக்கு வருவோம். பிளேடு 1.9 அங்குலம், செ.மீ. கணக்கில் 4.8. பிடி ஆனோடைஸ் செய்த அலுமினியம், மொத்தமும் மெலிசு, சட்டைப் பையில் போட்டால் பேனா அளவுக்குத்தான் தெரியும். பட்டன் பிளேடு திரும்புகிற அச்சுக்குப் பக்கத்தில், பிடியின் பரப்போடு கிட்டத்தட்ட சமமாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் பையில் சாவியோடு உரசி தானாகத் திறந்துகொள்ளும் என்ற பயம் எனக்கு வரவில்லை. ஆனால் இதில் தனி சேஃப்டி லாக் கிடையாது, அது தேவை என்று நினைப்பவர்கள் வேறு மாடல் பார்க்க வேண்டும். கட்டைவிரலின் சதைப்பகுதியால் அழுத்தினால் பாதி அழுத்தத்தில் ஒன்றும் நடக்காது, முழுசாக அழுத்தினால் 'டக்' என்று ஒரே சத்தம், பிளேடு வந்து நின்றுவிடும். சின்னக் கத்திக்கு ஸ்பிரிங் நல்ல வேகம், முதல் தடவை அழுத்துபவர்கள் பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையைவிட்டு எகிறப் பார்க்கும். பிடியின் பின்பக்கத்தை உள்ளங்கையில் நன்றாக அழுத்திக்கொண்டு, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துத் திறப்பதுதான் முறை.

மூடுவதை எந்த விமர்சனத்திலும் சரியாகச் சொல்வதில்லை, எனக்கோ அதுதான் முக்கியம். பட்டனை அழுத்திக்கொண்டே பிளேடின் முதுகை (கூர் இல்லாத பக்கத்தை) மேஜை விளிம்பிலோ தொடையிலோ வைத்துத் தள்ள வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், அந்த எதிர்ப்பைத் தாண்டி உள்ளே அழுத்தி, பட்டனை விட்டால் ஒரு கிளிக் கேட்கும். அந்தக் கிளிக் கேட்கும் வரை விடக்கூடாது, பாதியில் விட்டால் பிளேடு திரும்பி வெளியே வரும். ஒரு கையால் முழுசாகச் செய்ய முடிகிறது, அதுவும் பூட்டை விலக்குகிற விரல் பிளேடின் பாதைக்கு வெளியிலேயே நிற்கிறது. பழகுவதற்குச் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

பிளேடு சிபிஎம் 154 என்கிற எஃகு. பொடி உலோகவியல் முறையில், அதாவது உலோகப் பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்த துருப்பிடிக்காத எஃகு, குரோமியம் சுமார் 14 சதவீதம். எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தேன், கறை பிடிக்கவில்லை. அட்டைப்பெட்டி அறுத்தால் எந்தக் கத்தியும் மழுங்கும், இது கொஞ்சம் நிதானமாக மழுங்குகிறது. திரும்பத் தீட்டுவதும் கஷ்டமில்லை, வைரத்தூள் பதித்த சாதாரணத் தீட்டுக்கல்லில் சில இழுப்பு இழுத்தால் தாளை அறுக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறோம், காம்பு கிள்ளுவது, தொட்டிக்குக் கட்டின பிளாஸ்டிக் பட்டையை அறுப்பது, பார்சல் பிரிப்பது, அரிசி மூட்டை, இந்த வேலைகளுக்கு இரண்டு அங்குலம் போதும். ஆப்பிள் நறுக்கக்கூடப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், பாதியிலேயே நின்றுவிடும்.

பிடிக்காதது என்றால் இரண்டு. என் கைக்குச் சுண்டுவிரல் வைக்கப் பிடியில் இடம் போதவில்லை, அழுத்தி அறுக்கும்போது பிடிமானம் குறைகிறது. அப்புறம், பையில் இருக்கிற நூல் தூசியெல்லாம் பிளேடு படுக்கிற பள்ளத்தில் போய்ச் சேர்ந்து, கவனிக்காமல் விட்டால் பிளேடு முழுசாகத் திறக்காமல் தயங்குகிறது. காற்றடிக்கிற டப்பாவால் ஊதி, அச்சில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்துப்போய் இன்னும் தூசி பிடிக்கும்.

நான் வாங்கியபோது விலை வரியோடு 100 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ப்ரோ-டெக் ரன்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் இரண்டு அங்குலத்துக்குள்தான், நண்பர் ஒருவருடையதை வாங்கி நன்றாகவே பார்த்தேன். வேலைப்பாடு லாஞ்ச் 4ஐவிட ஒரு படி மேல், பட்டனில் துளி ஆட்டம் இல்லை, விலையும் கூடுதல். கெர்ஷா என்பது ஜப்பானின் கேஏஐ குழுமத்தின் அமெரிக்கக் கிளை நடத்துகிற பிராண்டு, லாஞ்ச் வரிசையை அமெரிக்காவிலேயே, ஓரிகன் மாநிலத்தில் செய்கிறார்கள். ப்ரோ-டெக் இங்கேயே, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில். இந்த ஊர்ப் பெயரெல்லாம் எதற்கு என்று கேட்கலாம், இந்தப் பொருளைப் பொறுத்தவரை எங்கே செய்தது, எந்த எல்லையைத் தாண்டி வந்தது என்பதுதான் விஷயமே.

நான் வாங்கியது வீட்டிலிருந்து கார் தூரத்தில் இருக்கிற ஒரு கத்திக் கடையில். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, தானே ஒரு தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தும் காட்டினார். அளப்பது எப்படி என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கூர் எவ்வளவு நீளம் என்று சிலர் அளக்கிறார்கள், அதைவிட பிளேடின் நுனியிலிருந்து பிடி தொடங்குகிற இடம் வரை நேர்கோட்டில் அளப்பதுதான் பாதுகாப்பான கணக்கு, அமெரிக்கக் கத்தித் தொழில் சங்கமான ஏகேடிஐயும் அப்படித்தான் அளக்கச் சொல்கிறது. சட்டம் '2 அங்குலமோ அதற்கு மேலோ' என்கிறது, அதாவது சரியாக 2 அங்குலம் இருந்தாலே தப்பு. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் 1.9 என்று இடைவெளி விட்டுச் செய்கிறார்கள்.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தில் 17235, 21510 என்ற இரண்டு பிரிவுகளும்தான் இதைச் சொல்கின்றன. 2 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பட்டன் கத்தியை உடம்பில் வைத்துக்கொண்டு போவது, பொது இடத்தில் காரின் உட்காருகிற பகுதியில் வைத்திருப்பது, விற்பது, கொடுப்பது எல்லாமே குற்றம். அதற்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டம் தொடாது. ஆனால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், குறிப்பாக வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளி வளாகத்துக்குள், திறந்ததும் பூட்டிக்கொள்கிற மடக்குக் கத்தி எந்த நீளமாக இருந்தாலும் கூடாது என்று அதே தண்டனைச் சட்டத்தின் 626.10 பிரிவு சொல்கிறது. லாஞ்ச் 4 பூட்டிக்கொள்கிற கத்தி. பிள்ளையை அழைத்து வரப் போகும்போது பையில் இது இருக்கக்கூடாது. நான் சாவிக்கொத்தில் மாட்டாமல் தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான், வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

சரி, இப்போது இறக்குமதி.

1958ல் அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது, ஸ்விட்ச்பிளேடு ஆக்ட் (பட்டன் கத்திக்கு ஆங்கிலத்தில் ஸ்விட்ச்பிளேடு என்று பெயர்). அப்போது பத்திரிகைகளிலும் சினிமாவிலும் தெருச்சண்டைப் பையன்கள் கையில் இந்தக் கத்தி என்று ஒரே பேச்சாக இருந்த காலம். சட்டம் முக்கியமாக இரண்டு விஷயத்தைத் தடுக்கிறது: மாநிலம் விட்டு மாநிலம் வியாபாரத்துக்கு அனுப்புவது, அப்புறம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது. தண்டனை 2,000 டாலர் வரை அபராதம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனை அங்குலம் என்ற பேச்சே அந்தத் தடையில் இல்லை. பிடியில் இருக்கிற பட்டனையோ வேறு எதையோ அழுத்தினால் பிளேடு தானாகத் திறக்கிறதா என்ற ஒரே கேள்விதான். கையை உதறினால் திறக்கிற கத்தியும் அதிலேயே சேர்த்தி. தபால்துறைக்கும் தனியாகத் தடை இருக்கிறது, அதனால்தான் இங்கே உள்ள கடைகள் தனியார் கூரியரில் அனுப்புகின்றன. மாநில எல்லைத் தடை இன்னும் புத்தகத்தில் இருக்கும்போதே கடைகள் நாடு முழுக்க விற்கின்றன என்பதும் உண்மை. அந்தச் சங்கடமே வேண்டாம் என்றால் நம் மாநிலத்திலேயே செய்த ப்ரோ-டெக்கை, நம் மாநிலக் கடையில் கைக்குக் கை வாங்கலாம். கூடுதல் விலைக்கு அது ஒரு நியாயமான காரணம்.

என் நண்பர் ஒருவர் வெளிநாட்டுத் தளம் ஒன்றில், பிளேடு பக்கவாட்டில் மடங்காமல் பிடியின் முனையிலிருந்து நேராகச் சீறி வருகிற வகைச் சின்னக் கத்தி ஒன்றை ஆர்டர் செய்தார். பிளேடு 1.8 அங்குலம், கலிஃபோர்னியாவுக்கு ஏற்றது என்று அந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களாம். பார்சல் வரவில்லை, கஸ்டம்ஸிலிருந்து கடிதம்தான் வந்தது. பொருளைப் பறிமுதல் செய்திருக்கிறோம், எதிர்த்து மனுப் போடுகிறீர்களா அல்லது உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவத்தோடு கேட்டிருந்தார்கள். விற்றவர்கள் பார்சலின் மேல் ஏதோ சமையலறைச் சாமான் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அது இன்னும் மோசம், வாங்கினவர் பெயருக்கு வருகிற பொருளைப் பற்றிப் பொய்த் தகவல். நண்பர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார், அத்தோடு முடிந்தது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன தளம் பிறகு பதிலே போடவில்லை. ஹெச்1பி விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் இருக்கிற நம் ஆட்கள் ஒரு இருபது டாலர் கத்திக்காக இந்த மாதிரிக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டுமா? எனக்கு அதை நினைத்தால்தான் கோபமும் கவலையும் வருகிறது. விற்பவர்களுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். மாட்டுவது வாங்குபவர்.

பிரித்து அனுப்பச் சொல்லலாமே என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பிளேடு ஒரு பார்சல், பிடியும் ஸ்பிரிங்கும் ஒரு பார்சல், இங்கே வந்ததும் திருகாணி போட்டுக்கொள்ளலாம் என்று. மத்திய அரசின் சுங்க விதிகளில் 12.95 என்ற எண்ணுள்ள விதியிலிருந்து தொடங்கி இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, அதில் இந்தக் கதவையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். பாகங்களைச் சேர்க்காமல் தனித்தனியாக வருகிற கிட், பிளேடு இல்லாத பிடி, விசேஷத் திறமை இல்லாத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு கொஞ்சம் மாற்றினால் தானாகத் திறக்கும்படி ஆகிற கத்தி, எல்லாமே ஸ்விட்ச்பிளேடு என்றே கணக்கு. பிடி இரண்டாகப் பிரிந்து திறக்கிற பட்டாம்பூச்சிக் கத்தியும் அதே பட்டியலில் பெயரோடு இருக்கிறது.

அப்படியானால் கடைகளில் குவிந்து கிடக்கிற, சீனாவில் செய்த, லேசாகத் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் இழுத்துத் திறக்கிற கத்திகள் எப்படி வருகின்றன? அவை வேறு ஜாதி, உதவித் திறப்பு வகை. அவற்றில் பட்டன் கிடையாது. மூடியே இருக்க வேண்டும் என்கிற இழுவிசை உள்ளே இருக்கும், நாம் பிளேடையே கையால் தள்ளி அந்த இழுவிசையைத் தாண்டினால்தான் திறக்கும். 2009ல் கஸ்டம்ஸ் இவற்றையும் ஸ்விட்ச்பிளேடு என்று வகைப்படுத்தப் பார்த்தது, தொழில்காரர்களும் கத்திப் பிரியர்களும் கூச்சல் போட, அதே வருடம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1958 சட்டத்தில் ஒரு விலக்கைச் சேர்த்தது. இறக்குமதிக் கத்திதான் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு நியாயமான வழி இதுதான். என் கைக்குத் திறப்பதில் கஷ்டமில்லை, மூடுவதில்தான் மேலே சொன்ன பிரச்சினை.

அந்த 1958 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது, ஒரே ஒரு கை மட்டும் உள்ளவர் 3 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ பிளேடு உள்ள பட்டன் கத்தியைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டு வரலாம், போகலாம் என்று. சுங்க விதியிலும் அதே விலக்கு உண்டு. படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் வாசகம் அவ்வளவு குறுகலாக இருக்கிறது: கை இருக்கிறது, வேலை செய்யவில்லை என்கிற என்னைப் போன்றவர்களோ, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களோ, வாதத்தால் விரல் மடங்காத வயதானவர்களோ அதற்குள் வரமாட்டோம். பார்சலில் வரவழைப்பதற்கும் அந்த விலக்கு உதவாது, ஆள் கூடவே வர வேண்டும். இந்தக் கத்தி யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவர்களை மனதில் வைத்து அந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது என் ஆசை. மாசசூசெட்ஸில் 2024ல் மாநில உச்ச நீதிமன்றமே பட்டன் கத்தித் தடையைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறது, மாநிலங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இறக்குமதித் தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக, சொந்தபந்தங்களுக்குப் பரிசாக வாங்கிப் போகிறவர்களுக்கு. கனடாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பட்டன் கத்தி குற்றவியல் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம், நீளம் எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். லண்டனுக்கும் கூடாது, இறக்குமதியும் விற்பனையும் அங்கே ரொம்ப நாளாகவே தடை, 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம், லேசாகத் தள்ளினால் திறக்கிற அந்த உதவித் திறப்பு வகையும் அதில் சேர்த்தி. ஜெர்மனியில் 8.5 செ.மீ. வரை பக்கவாட்டில் திறக்கிறவை முன்பு பரவாயில்லையாக இருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் அதையும் இறுக்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் திறந்த நீளம் 12 செ.மீ., பிளேடு 5 செ.மீ. என்று ஒரு வரம்பு இருக்கிறது, இரண்டையும் தாண்டினால்தான் ஆயுதம். ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் டெல்லி வழியாகப் போனால், அங்கே 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள பட்டன் கத்தி ஆயுதச் சட்டத்தில் வரும் என்று பழைய அரசாணை ஒன்று இருக்கிறது. லாஞ்ச் 4 அந்த நீளத்துக்குக் கிட்டேகூட வராது, ஆனாலும் விமான நிலையத்தில் நின்று அளந்து விளக்கிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை.

டொராண்டோவில் இருக்கிற அக்கா என் கத்தியைப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா, கொரியர் டப்பா பிரிக்க உதவும்" என்றாள். "அது முடியாதுக்கா, பார்டரிலேயே பிரச்சினையாயிடும்" என்று சொல்லி, விக்டோரினாக்ஸில் நகத்தால் திறக்கிற சின்னக் கத்தி ஒன்று வாங்கி, செக்-இன் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, அது போதும்.